திகிலுற்ற வாத்தைத் தேற்றுவது எங்ஙனம்?

நம் அங்கத்தினர் வீடுகள் பலவற்றில் இரண்டொரு வாத்துக்கள் இருப்பதைக் காண்கிறோம். குடியானவர் அவற்றை முட்டைக்காகவும், வயலில் நத்தையும் புழுவும் பொறுக்குவதற்காகவும் வளர்க்கிறார். நெசவாளர் வீட்டிலோ அவை பெரும்பாலும் குழந்தைகளின் ஆசைக்காக வந்தவை. அறுவடை முடிந்த தாளடி வயல்களில் மந்தை மேய்த்துக்கொண்டு வரும் வாத்துக்காரரிடம் இரண்டு குஞ்சுகளை வாங்கி, தறிக்குழிக்கு அருகே ஒரு கூடையில் விட்டு, தவிடும் சோறும் பிசைந்து கொடுத்து வளர்ப்பார்கள். ஆறு மாதத்தில் அவை வீட்டாரின் குரலை அறிந்துகொண்டு பின்னாலேயே நடக்கும். அவற்றுக்குப் பெயரும் இடப்பட்டுவிடும். பெயரிட்ட பிராணியை அறுத்துண்ண எந்தக் குழந்தையும் சம்மதிப்பதில்லை.

இத்தகைய வீட்டில் ஓரிரவு நாய் புகுந்துவிடுகிறது. இரண்டில் ஒன்றை அது கவ்விக்கொண்டு போய்விட, மற்றொன்று எவ்விதமோ தப்பிப் பிழைக்கிறது. பொழுது விடிந்து பார்த்தால், பிழைத்த வாத்து வேலி மூலையில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. தீனியை வைத்தால் தொடுவதில்லை. தண்ணீரை வைத்தால் ஏறிட்டும் பார்ப்பதில்லை. நேற்றுவரை மடியில் வந்து உட்கார்ந்தது, இன்று கையைக் கண்டால் சுவரில் மோதிக்கொள்கிறது. அண்டை அயலார் சொல்லும் யோசனை ஒன்றே: "இது இனித் தேறாது, சாவதற்குள் சட்டியில் போடு." நாய் கடித்து நலிந்த பிராணியின் இறைச்சி உண்ணத் தக்கதன்று என்பது ஒருபுறம் இருக்கட்டும். இவ்வாறு நிற்கும் வாத்துக்களில் பல தேறக்கூடியவை என்பதே நாம் இங்குச் சொல்ல வந்த விஷயம். ஆனால் முதல் நாளைச் சரியாகக் கழிக்க வேண்டும். நாய் செய்த தீங்கைக் காட்டிலும், காப்பாற்ற வந்தவர்கள் அன்பின் மிகுதியால் செய்யும் தீங்கினால் மடியும் வாத்துக்களும் உண்டு.

வாத்தின் சுபாவத்தை அறிந்தால்தான் இது விளங்கும். நாம் வளர்க்கும் வாத்துக்களில் மிகப் பல, வடநாட்டு ஏரிகளில் வாழும் பச்சைத் தலைக் காட்டு வாத்தின் வழிவந்தவை. முகத்தில் செந்தசை படர்ந்த பெரிய வாத்து மட்டும் தென் அமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட வேறு இனம். இரண்டுமே பிற பிராணிகளுக்கு இரையாகப் பிறந்தவை. கடித்து எதிர்க்கப் பல் இல்லை. அவற்றின் காவல் முழுவதும் கண்ணிலும் கூட்டத்திலும்தான் அடங்கியிருக்கிறது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் உயரமாக அமைந்திருப்பதனால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிலும் தலைக்கு மேலும் ஏறக்குறைய முழுவதையும் அது காண்கிறது. உறக்கத்திலும் இக்காவல் ஓய்வதில்லை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று சுவையானது. வாத்துக்களை வரிசையாக உறங்கவிட்டுக் கவனித்தபோது, நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரு கண்களையும் மூடி உறங்கின. ஓரத்தில் இருந்தவையோ ஒரு கண்ணைத் திறந்தபடியே, மூளையில் ஒரு பாதி மட்டும் உறங்க, மறுபாதி விழித்திருக்கக் கண்டார்கள். திறந்திருந்த கண் கூட்டத்திற்கு வெளிப்புறம் நோக்கிய கண்ணாகவே பெரும்பாலும் இருந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? துணையை இழந்து தனித்துவிட்ட வாத்துக்கு எல்லாப் பக்கமும் ஓரமே. அதற்கு நிம்மதியான உறக்கம் என்பது இல்லாமற் போகிறது. உறக்கமின்மை ஒன்றே ஓர் உயிரை வாட்டப் போதும். பசியும் காயமும் அதனோடு சேர்ந்தால் கேட்க வேண்டுவதில்லை.

திகில் என்பது மனத்தில் மட்டும் நிகழ்வதன்று. அது உடலிலும் நிகழ்வது. கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் பணிபுரிந்த ஹான்ஸ் செலீ என்ற வைத்திய அறிஞர், வெவ்வேறு வகைத் துன்பங்களுக்கு உட்பட்ட எலிகளின் உடல் ஒரே விதமான மாறுதல்களை அடைவதை 1936-இல் எடுத்துக்காட்டினார். அதன்பின் பறவைகளிலும் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆபத்தைக் கண்டவுடன் சிறுநீரகத்தை ஒட்டிய சுரப்பிகளிலிருந்து சில நீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, இரத்தம் கால் சிறகுகளின் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது, இரைப்பையும் குடலும் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன, முட்டை உருவாவதும் தடைப்படுகிறது. ஓடித் தப்புவதற்கு இவை உதவுவன. ஆனால் ஆபத்து நீங்கிய பின்னும் இந்நிலை நீடித்தால், உடல் தன் கொழுப்பையும் தசையையும் தானே கரைத்துக்கொள்ளும். நோயை எதிர்க்கும் வலிமையும் குன்றும். எனவே நம் முதற்கடமை மருந்து தேடுவதன்று. "ஆபத்து நீங்கிற்று" என்பதை அந்த உடல் நம்பும்படி செய்வதுதான்.

முதலில் அதைப் பிடிக்க வேண்டும். இதிலேயே பாதிக் காரியம் கெடுகிறது. நாலு பேர் நாலு பக்கமும் ஓடித் துரத்திப் பிடிப்பது, வாத்தின் கணக்கில் இரண்டாம் முறை நாய் வந்ததற்கு ஒப்பாகும். கடும் ஓட்டத்தினால் தசைகள் பழுதடைந்து, பிடிபட்ட பின்னர் மணிக்கணக்கிலோ சில நாட்களிலோ இறந்துபோவது காட்டு வாத்துக்களிடமும் நாரைகளிடமும் நன்கு அறியப்பட்ட செய்தி. ஆகையால் ஒருவர் மட்டும் செல்க. இரு கைகளையும் தாழ்வாக விரித்து, மெல்ல மெல்ல அதை ஒரு மூலைக்கு நடத்துக. மந்தை ஓட்டுகிறவர் கையிலுள்ள நீண்ட கழி அடிப்பதற்காக அன்று, வழி காட்டுவதற்காகவே என்பதை நினைவிற் கொள்க. மேலிருந்து கையை இறக்கலாகாது. மேலிருந்து இறங்குவது பருந்து. பக்கவாட்டில் கை கொடுத்து, ஒரு பழைய துண்டை உடல்மீது போர்த்து, இரு சிறகுகளையும் உடலோடு சேர்த்து அணைத்து, அடியில் ஒரு கை தாங்க எடுக்க வேண்டும்.

கோழியைத் தூக்குவதுபோல் வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. சந்தைக்குப் போகும் வழியில் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். வாத்தின் கால் நீந்துவதற்கு அமைந்தது. உடலின் பாரத்தைத் தலைகீழாகத் தாங்குவதற்கு அமைந்ததன்று. மூட்டு பிசகிவிட்டால் அது பிறகு எழுந்து நடப்பது அரிது. ஒரு சிறகை மட்டும் பிடித்துத் தூக்குவதும் இவ்வாறே கேடானது.

எடுத்த வாத்தை எங்கே வைப்பது? வீட்டிற்குள், குழந்தைகள் கூடாத ஓர் அறையில். அகன்ற அட்டைப் பெட்டியோ பஞ்சாரமோ போதும். கீழே வைக்கோலும் அதன்மேல் பழந்துணியும் பரப்புக. பஞ்சாரமாயின் சுற்றிலும் ஒரு துணியைப் போர்த்து, காற்றுக்கு மேற்புறம் சிறிது திறந்து விடுக. துணி இழை பிரியாததாக இருக்க வேண்டும். இதை நெசவாளர்களுக்குச் சிறப்பாகச் சொல்கிறோம்: கழிவு நூலை மெத்தைபோல் போட்டால் நலமென்று நினைக்கத் தோன்றும், ஆனால் நூல் காலிற் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், அலகினால் இழுத்து விழுங்கினால் நாக்கிலும் குடலிலும் சிக்கும். தறி வீட்டில் வாத்து வளர்ப்பவர்கள் நோயில்லாத காலத்திலும் தரையிற் கிடக்கும் நூல் துண்டுகளை நாள்தோறும் பெருக்கிவிடுதல் நன்று.

அடிபட்ட பறவை வெப்பத்தை விரைவில் இழக்கிறது. மனித உடலின் சூடு 37 டிகிரி. வாத்தின் சூடோ 41 டிகிரிக்கு மேல். நமக்கு இதமாயிருக்கும் அறை, நனைந்து இரத்தம் சிந்திய வாத்துக்குக் குளிர்ந்ததாகவே இருக்கும். மழைக் காலத்திலும் மார்கழி, தை மாதங்களிலும் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். வேண்டுமாயின் அது விலகிக்கொள்ளும். கோடையில் இது வேண்டா. வாய் பிளந்து மூச்சு வாங்குமாயின் சூடு மிகுந்துவிட்டதென்று அறிந்து உடனே எடுத்துவிட வேண்டும்.

பறவைக்கு அதிர்ச்சி நேர்ந்தால் கும்மிருட்டில் வைக்க வேண்டுமென்று சிலர் கூறுவர். புறாவுக்கும் குருவிக்கும் அது பொருந்தலாம். வாத்து அப்படியன்று. முழு இருளில் ஒரு சிறு ஓசை கேட்டாலும் வாத்துக்கள் பீதியுற்று ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நசுங்குவதைப் பண்ணையாளர் அறிவார்கள். அதனாலேயே பெரிய பண்ணைகளில் இரவு முழுவதும் மங்கலான விளக்கு ஒன்றை எரியவிடுகிறார்கள். நாயை இருளில் சந்தித்த வாத்துக்கு இது பன்மடங்கு பொருந்தும். ஆதலின் அறையில் இரவு விளக்கு ஒன்று சிறிய ஒளியுடன் எரியட்டும்; அல்லது பக்கத்து அறையின் வெளிச்சம் கதவிடுக்கில் விழட்டும். சுற்றுப்புறம் தெரிய வேண்டும். ஆனால் ஆள் நடமாட்டம் தெரியலாகாது.

முதல் ஒரு மணி நேரம் வேறொன்றும் செய்ய வேண்டா. இது பலருக்கும் மிகக் கடினமான சிகிச்சை! ஏதேனும் செய்யாமல் இருக்க நம் கை ஒப்புவதில்லை. மூக்கில் வெங்காயச் சாறு விடுவாரும், வாயைப் பிளந்து காப்பியோ சாராயமோ ஊற்றுவாரும் உளர். வாத்தின் மூச்சுக் குழலின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. சோர்ந்து கிடக்கும் வாத்தின் வாயில் ஊற்றிய நீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுப்பைகளுக்குப் போய் அதைக் கொன்றுவிடும். தானாகக் குடிக்கும் வரையில் கிண்ணத்தை அருகே வைத்திருப்பது ஒன்றே தக்கது.

இதற்கு விதிவிலக்கு இரத்தம். இரத்தம் வழிந்துகொண்டிருந்தால் காத்திருக்கலாகாது. சுத்தமான துணியை மடித்து அவ்விடத்தில் ஐந்து பத்து நிமிஷங்கள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும்.

ஒரு மணி நேரம் கழிந்தபின் காயங்களைப் பார்க்க. நாய்க்கடியின் சூது என்னவெனில், வெளியே ஒரு சிறு துளையாகத் தோன்றுவது உள்ளே தசை கிழிந்த பெரும் புண்ணாக இருக்கும். அதையும் இறகு மறைத்துவிடும். முதுகு, வாலின் அடி, சிறகின் கீழ், தொடை, கழுத்து ஆகிய இடங்களில் இறகுகளை எதிர்ப்புறமாக ஊதியும் விலக்கியும் நோக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பைக் கரைத்து அந்நீரால் புண்ணை நன்கு கழுவுக. மஞ்சளைக் குழைத்து அப்புவதற்கு எல்லார் கையும் பரபரக்கும். ஆழமான துளையை மஞ்சளால் அடைத்துவிட்டால் உள்ளிருக்கும் அழுக்கு வெளிவர வழியில்லாமற் போகும். மருத்துவர் பார்ப்பதற்கும் அது தடையாகும். ஈ மொய்க்காமல் காப்பது இதைவிட முக்கியம். நம் நாட்டு வெயிலில் ஒரே நாளில் புண்ணில் புழு வைத்துவிடும். எனவே புண் ஆறும்வரை வாத்தைக் கொசுவலைக்குள் வைத்திருப்பது நலம்.

துளை பட்ட காயம் எதுவாயினும், தோலின் கீழ் காற்றுப் புகுந்து உப்பியிருந்தாலும், சிறகோ காலோ தொங்கினாலும், அன்றைய தினமே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனை கடித்த காயத்துக்கு இது இன்னும் அவசரம். அதன் கூரிய பல்லோடு செல்லும் கிருமிகள் ஓரிரு நாட்களில் இரத்தத்தை நஞ்சாக்கிப் பறவையைக் கொல்லக்கூடியவை. மனிதருக்கு வாங்கிவைத்த வலி மாத்திரைகளில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுப்பதை அடியோடு விலக்குக. டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்து கொடுக்கப்பட்ட மாடுகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இந்நாட்டில் ஏறக்குறைய அழிந்தே போனதும், 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டதும் அங்கத்தினர்கள் அறிந்திருக்கலாம். ஒரு பிராணிக்கு ஆறுதல் தரும் மருந்து மற்றொன்றுக்கு எமனாகும்.

வெறிநாய்க்கடி பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. அது பாலூட்டிகளின் நோயாதலால் வாத்தைக் குறித்து அச்சம் வேண்டுவதில்லை. ஆனால் வாத்தை விடுவிக்கப் போனவரை நாய் கடித்திருந்தாலோ பிறாண்டியிருந்தாலோ, அக்காயத்தை ஓடும் நீரில் சவுக்காரமிட்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வாத்தின் கவலையில் தம் கையில் பட்ட பல்லை மறந்துவிடுவோர் உண்டு.

இனி, திகில்போல் தோன்றி திகில் அல்லாதன சில உண்டு. ஒதுங்கி நிற்கும் வாத்தையெல்லாம் பயந்த வாத்தென்று கொள்ளலாகாது. மருந்து தெளித்த வயலுக்குப் போய்வந்த வாத்து நடுங்கி, வாயில் நீர் ஒழுக, தள்ளாடினால் அது பூச்சிமருந்தின் வேலை. கோடையில் வற்றிய குட்டையில் செத்தழுகிய பிராணியையோ அதில் நெளியும் புழுவையோ தின்ற வாத்துக்கு முதலில் காலும், பின் சிறகும், கடைசியில் கழுத்தும் துவண்டுபோகும். கழுத்தைத் தூக்க இயலாமல் தண்ணீரிலேயே மூழ்கி இறப்பதும் உண்டு. தூண்டில் ஈயக்குண்டை விழுங்கிய வாத்து நாளுக்கு நாள் மெலியும். இவையெல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை. ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே சமயத்தில் சோர்ந்தாலோ திடீரென்று இறந்தாலோ அது தொற்றுநோயாக இருக்கலாம். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் கேரளத்துக் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் வாத்து மந்தைகளில் பரவி, ஏராளமானவற்றைக் கொன்று புதைக்க நேர்ந்தது. அத்தகைய நிலையில் செத்த வாத்தை வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறையினருக்கு அறிவிப்பதே முறை.

மீண்டும் நம் திகிலுற்ற வாத்துக்கு வருவோம். முதலிரவு கழிந்து, காலையில் அது கண்ணைத் திறந்து தலையைத் திருப்பிப் பார்க்குமாயின் நம்பிக்கை கொள்ளலாம். தீனி விஷயத்தில் புதுமை ஏதும் வேண்டா. அது நாள்தோறும் தின்று பழகியதையே கொடுக்க வேண்டும். நனைத்த தவிடு, குருணை, வெந்த சோறு, பொடியாக நறுக்கிய கீரை இவை போதும். மண்புழு நாலைந்தோ நத்தை இரண்டோ தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவைத்தால், கையைக் கண்டு அஞ்சும் வாத்தும் அசைவதைக் கண்டு அலகை நீட்டும். வலு வேண்டுமென்று கடலைப் பிண்ணாக்கு கொடுப்பவர்கள் அதை முகர்ந்து பார்த்துக் கொடுக்க. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் படர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணமென்று பிறகு கண்டறிந்தார்கள். அந்நஞ்சை அறிவதற்கு வாத்துக் குஞ்சையே சோதனைப் பிராணியாகக் கொண்டார்கள் என்றால், வாத்தினம் அதற்கு எவ்வளவு எளிதில் இரையாகும் என்பதை ஊகிக்கலாம். பூசணம் பிடித்த பிண்ணாக்கு மாட்டுக்கும் ஆகாது, வாத்துக்கு அறவே ஆகாது.

தின்கிறதா இல்லையா என்பதை எச்சமே காட்டிக்கொடுக்கும். தின்னாத வாத்தின் எச்சம் பித்தநீர் மட்டுமே கலந்து கடும்பச்சையாக, மிகச் சிறிதாக இருக்கும். மார்பெலும்பைத் தடவிப் பார்த்தாலும் தெரியும். இரு புறமும் தசை வற்றி எலும்பு கத்தி முனைபோல் கையில் தட்டுமாயின் உடல் உருகுகிறதென்று பொருள். வீட்டில் தராசு உள்ளவர்கள் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை கூடையோடு நிறுத்துக் குறித்துவைக்கலாம். முதல் நாள் நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், காயம் ஒன்றும் இல்லையென்றாலும் மருத்துவரிடம் காட்டுவதே நம் யோசனை.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். குடிக்கும் கிண்ணம் தலை முழுவதும் அமிழும் ஆழமுடையதாக இருக்க வேண்டும். வாத்து தன் கண்ணையும் மூக்குத் துளையையும் நீரில் அமிழ்த்தியே கழுவிக்கொள்கிறது. அவ்வசதி இல்லையேல் கண்ணில் பீளை கட்டும். ஆனால் முதல் நாளே குளத்தில் விட்டால் மகிழ்ச்சியுறும் என்று எண்ணுவது பெரும் பிழை. வாத்து நனையாமல் மிதப்பதற்குக் காரணம், வாலின் அடியிலுள்ள சுரப்பியின் நெய்யை அலகால் எடுத்து இறகு முழுவதும் தடவிக் கோதிக்கொண்டே இருப்பதுதான். திகிலுற்ற வாத்து கோதுவதை நிறுத்திவிடுகிறது. சில நாட்களில் இறகு தன் காப்பை இழந்துவிடும். அந்நிலையில் குளத்தில் விடப்பட்ட வாத்து நனைந்து, கனத்து, குளிரால் விறைத்து மூழ்கவும் கூடும். எனவே முதலில் அகன்ற தாம்பாளத்தில் இரண்டு விரற்கிடை நீர்; அதில் நின்று நீரைத் தலைமேல் வாரி இறைத்துக் கோதத் தொடங்கினால் மறுநாள் தொட்டி; முதுகில் விட்ட நீர் முத்தாக உருண்டோடக் கண்டபின் குளம். புண் ஆறாதிருக்கும்வரை தேங்கிய நீர் கூடாது. சாயத் தொட்டி நீர் ஓடும் வாய்க்கால் எந்நாளும் கூடாது.

வாத்து முதன்முறையாகக் கோதிக்கொள்வதைக் கண்டால், அன்றே அது பிழைத்ததென்று நாம் கொள்கிறோம். அஞ்சி நிற்கும் பறவை ஒருபோதும் தன் முதுகில் முகத்தைப் புதைத்துக் கோதாது.

அடுத்தது துணை. குஞ்சாக இருக்கையில் முதலிற் கண்டு பழகியவரையே தாயெனக் கொண்டு பின்தொடரும் இயல்பு வாத்து, பெருவாத்து இனங்களுக்கு உண்டு என்பதை ஆஸ்திரிய அறிஞர் கோன்ராட் லோரன்ஸ் 1935-இல் விரிவாக விளக்கினார். 1973-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். காட்டு வாத்தின் குஞ்சுகள் தம்மைப் பின்தொடர வேண்டி, அவர் புல்வெளியில் குந்தியபடி நகர்ந்து, இடைவிடாமல் "குவாக், குவாக்" என்று கத்திக்கொண்டே போனாராம். உயர்ந்த புல் குஞ்சுகளை மறைத்துவிட, வேலிக்கு வெளியே நின்ற மக்கள் இவருக்கு என்ன நேர்ந்ததோ என்று திகைத்தார்களாம். நம் வீட்டுக் குழந்தை வளர்த்த வாத்துக்கு அக்குழந்தையே கூட்டம். ஆகவே அஞ்சிய வாத்துக்குத் துணையிருக்கத் தக்கவர், அதற்குத் தீனி கொடுத்துப் பழகியவரே.

துணையிருப்பது என்றால் எடுத்து மடியில் வைத்துத் தடவிக் கொஞ்சுவதன்று. அருகே உட்கார்ந்து, அதைப் பாராமல், தம் வேலையைப் பார்ப்பது. தார் சுற்றும் பெண்கள் இராட்டையை எட்டடி தூரத்தில் போட்டுக்கொண்டு காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் சுற்றினால் அதைவிட நல்ல மருந்து வேறில்லை. முன்பே கேட்டுப் பழகிய ஒரே சீரான ஓசை, பழகிய மனிதர், தன்னை உற்று நோக்காத கண்: இம்மூன்றும் சேர்ந்தால் வாத்து மெல்லக் கழுத்தை நீட்டும். உற்று நோக்குவது வேட்டைப் பிராணியின் செயலாதலால் பக்கவாட்டில் திரும்பி உட்காருவது நலம். நாள்தோறும் ஓரடி நெருங்குக. அது பின்வாங்கினால் நாமும் பின்வாங்க வேண்டும். தானாக வந்து கையிலிருந்து தின்னும் வரையில் தொடுவதில்லை என்று குழந்தைகளிடம் உறுதி வாங்கிக்கொள்க. ஒரு வாரத்திலும் தேறலாம். மூன்று நான்கு வாரங்களும் ஆகலாம்.

பெட்டை வாத்து உரத்துக் கத்துவது. ஆணின் குரலோ கரகரத்துத் தாழ்ந்தது. ஆகையால் ஆண் வாத்து மௌனமாயிருப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டா. பெட்டை மௌனமாயிருந்தால் கவனிக்க. அது இழந்த துணையைக் கூவி அழைக்கத் தொடங்குவது, கேட்பதற்கு வருத்தமாயிருந்தாலும், தேறுவதன் அடையாளமே.

வீட்டில் வேறு வாத்துக்கள் உண்டாயின், காயம் மூடியபின் இடையே கம்பிவலை ஒன்று வைத்து ஒன்றையொன்று காணும்படி சில நாட்கள் விட்டு, பிறகே சேர்க்க வேண்டும். பல நாள் பிரிந்திருந்ததை மற்றவை அயலென்று எண்ணிக் கொத்துவது உண்டு. ஆண்கள் மிகுந்த கூட்டத்தில் நலிந்த பெட்டையை விடவே கூடாது. ஆண்களின் தொல்லையாலேயே முதுகும் கழுத்தும் புண்ணாகிப் பெட்டைகள் ஒடுங்கிப்போவதை, நாய்க்கடியென்று தவறாகக் கருதும் வீடுகளும் உண்டு. ஐந்தாறு பெட்டைகளுக்கு ஓர் ஆண் என்பதே அளவு. தனித்துவிட்ட வாத்துக்குத் துணையாகப் புதிதாக ஒன்றை வாங்கினால், அதை மூன்று நான்கு வாரங்கள் வேறிடத்தில் வைத்து, நோயின்மை தெரிந்தபின் கொண்டுவர வேண்டும். அதுவரை ஒரு கண்ணாடியைத் தரையோடு சாய்த்து வைத்தால் தன் நிழலின் அருகே சில வாத்துக்கள் அமைதியாகப் படுத்துக்கொள்கின்றன.

நாய் மட்டுமே திகிலுக்குக் காரணமன்று. தீபாவளி வெடியும், கூடையில் அடைத்த நெடும் பிரயாணமும் இதே நிலையை உண்டாக்கும். முன்னறிந்தே வருவது தீபாவளி. அன்று மாலை பொழுது சாயுமுன் வாத்துக்களை உள்ளறையில் அடைத்து, விளக்கேற்றி, சன்னலை மூடி, தறி ஓசை பழகியவற்றுக்குத் தறியையே சற்று ஓடவிட்டால் வெடியோசை அவ்வளவாக உறைக்காது.

இவ்வளவும் செய்து, வந்த நாய் மீண்டும் வருவதற்கு வழியை அடைக்காவிட்டால் பயனில்லை. ஒருமுறை ருசி கண்ட நாய் மறுநாள் இரவே வரும். கோழிவலை எனப்படும் மெல்லிய அறுகோண வலை வாத்தை உள்ளே நிறுத்துமேயன்றி நாயை வெளியே நிறுத்தாது. அதை நாய் பல்லாலேயே கிழித்துவிடும். பற்றவைத்த கட்டக் கம்பிவலையை நட்டு, அதன் அடியை ஓரடி ஆழம் மண்ணில் புதைக்க வேண்டும். கீரியும் எலியும் நுழையாதிருக்கக் கண் அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. மேலேயும் கூரை வேண்டும். கதவுக்குக் கயிற்று முடிச்சுப் போதாது. கொண்டி வைத்துத் தாழிட வேண்டும்.

முட்டையைக் குறித்து அவசரப்பட வேண்டா. அதிர்ச்சிக்குப் பின் வாத்து முட்டையிடுவதை நிறுத்தி, சில சமயம் இறகையும் உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்குப் பல வாரங்கள் செல்லும். மீண்டும் இடத் தொடங்குகையில் முதல் முட்டைகள் ஓடு மெலிந்தோ உருத்திரிந்தோ இருக்கலாம். கிளிஞ்சலைப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய அளவு தின்றுகொள்ளும். வாத்துக்கள் பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டுவிடுமாதலால் அதுவரை அதைத் திறந்துவிடாமலும் குலைக்காமலும் இருக்க வேண்டும். மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தால், அம்மருந்து முடிந்தபின் எத்தனை நாள்வரை முட்டையை உண்ணலாகாது என்பதை அவரிடமே கேட்டு, அந்நாள் வரையில் இட்ட முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்துவிடுக.